கடைசியாக விற்றவர்

நாங்கள் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டில்தான் எங்கள் கணக்கில் நான்கு கோடி குரோனர் லாபம் வந்து உட்கார்ந்தது. கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அது அசையவில்லை. சன்னலுக்கு வெளியே டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகம் ஜனவரி இருட்டில் கிடந்தது. எங்கள் பம்புகளை ஏற்றிப்போக லாரிகள் வரிசை கட்டும் இடத்தில் கடற்காகங்கள் உலாத்திக்கொண்டிருந்தன. இந்த லட்சணத்தில் லாபம்.

வெஸ்ட்ரூப் என்பது எங்கள் நிறுவனம். கப்பல்களுக்குப் பம்ப் செய்கிறோம். 2008-ல் உலகம் முழுக்கப் பணம் முடங்கியதும் கப்பல் கட்டுவது நின்றது. எங்கள் பம்புகளும் நின்றன. நான் போடில், கணக்குப் பிரிவு. நிறுவனத்தின் பத்திரங்களுக்கும் கடன்களுக்கும் ஆண்டின் கடைசி நாளில் நியாய மதிப்பு போடுவது என் வேலை. இன்றைக்குச் சந்தைக்குக் கொண்டுபோனால் இது என்ன விலை போகும் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். என்ன விலைக்கு வாங்கினோம், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நான்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். எங்கள் அலுவலகத்தில் தப்பு செய்தவர் கேக் கொண்டுவர வேண்டும். மறுநாள் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே போட்டுச் சுட்ட கேக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பி அறையில் வைத்தேன்.

“என்ன தப்பு பண்ணுன போடில்?” ட்ரோல்ஸ் ஏற்கெனவே ஒரு துண்டை எடுத்துவிட்டான். எங்கள் நிர்வாக இயக்குநர். கேக் வாசனைக்கு முதலில் வருகிறவன் அவன்தான்.

“அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? தேடிக்கிட்டிருக்கேன். நாலு கோடி லாபம்னு வருது.”

“நமக்கா?” அவன் வாயிலிருந்து தேங்காய்த் துருவல் சட்டையில் விழுந்தது. “மூணு கோடி நஷ்டம்னுல்ல நான் பேங்க்ல சொல்லி வச்சிருக்கேன்!”

சோல்வெய் காப்பிக் கோப்பையை வைத்தாள். கோபன்ஹேகனிலிருந்து வந்திருக்கும் தணிக்கையாளர். வயது முப்பது இருக்கும். சிரித்தால் அதற்கும் ரசீது கேட்பாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

“தப்பு இல்ல,” என்றாள். “நேத்தே பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு.”

“என்னத்த சரி?” என்றேன்.

“2007-ல இருபது கோடிக்குக் கடன் பத்திரம் வித்தீங்க. அப்போ அதுக்கு நியாய மதிப்புலதான் கணக்கு வைப்போம்னு நீங்களே தேர்ந்தெடுத்தீங்க. போன வருஷ ஆரம்பத்துல நூறு குரோனர் பத்திரத்தோட விலை தொண்ணூத்தாறு. டிசம்பர் முடிவுல அறுபத்தொண்ணு. உங்க கடனோட மதிப்பு ஏழு கோடி கொறஞ்சிருச்சு. கடன் கொறஞ்சா லாபம். மூணு கோடி நஷ்டம் போக மிச்சம் நாலு.”

“கடன் எங்கம்மா கொறஞ்சுது? இருபது கோடியையும் நாங்க திருப்பிக் குடுத்தாகணுமே!”

“குடுப்பீங்கன்னு சந்தை நம்பல.”

“நம்பலேன்னா அது எங்களுக்கு எப்படி லாபமாகும்?”

“விதி அப்படி.”

ட்ரோல்ஸ் இரண்டாவது துண்டை எடுத்தான். “இரு இரு. நாம நாசமாப் போவோம்னு ஊரு நெனச்சா நமக்கு லாபம். அப்போ நாளைக்கு ஆர்டர் வந்து, விலை ஏறுனா?”

“நஷ்டம்,” என்றாள் சோல்வெய்.

இந்த விதியை நான் பள்ளிப் பாடம் போல ஒப்பிப்பேன். நிறுவனம் நன்றாக இருந்தபோது விலை அரைக் குரோனர் ஏறும், அரைக் குரோனர் இறங்கும். எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். அதன் முழு உருவத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். நோயாளிக்குக் காய்ச்சல் ஏற ஏற அவன் வீட்டில் பணம் கொட்டுகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு மண்டை காய்ந்தது.

“அந்த அறுபத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டேன்.

“பங்குச் சந்தையில. டிசம்பர் முப்பது. ரெண்டு மாசத்துல அந்த ஒரு விற்பனைதான் நடந்திருக்கு. நானூறு பத்திரம்.”

“இருபது லட்சம் பத்திரம் வெளிய இருக்கு. எவனோ நானூறை வித்துட்டுப் போனதுக்காக அத்தனைக்கும் அதுதான் விலையா? சந்தையே தூங்கும்போது நாமளே கணிச்சுப் போடலாமே?”

“உங்க கணிப்பவிட நடந்த விலைதான் பெருசு. அதத் தள்ளி வைக்கணும்னா ஒரு வழி இருக்கு. வித்தவர் நிர்ப்பந்தத்துல வித்தார்னு காட்டணும். கழுத்துல கத்தி, திவால், ஏலம், அந்த மாதிரி. மனசார வித்திருந்தா அதுதான் விலை.” கேக் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு எழுந்து போனாள்.

தப்பே செய்யாமல் கேக் கொண்டுவந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இது வெறும் கணக்கு வேடிக்கையாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ட்ரோல்ஸின் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஏன் வெளுத்தான் என்பது எனக்கும் தெரியும். என் தம்பி எய்வின்டால்.

எய்வின்ட் பட்டறையில் வெல்டர். தொழிலாளர்களின் பிரதிநிதியும் அவன்தான். முந்தின இலையுதிர் காலத்தில் நிறுவனம் தள்ளாடியபோது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமலிருக்கப் பட்டறை மொத்தமும் அலுவலகமும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தன. அவன்தான் ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பேசினான். வெஸ்ட்ரூப் பிழைக்கும், நான் பொறுப்பு, என்றான். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தான்: ஆண்டுக் கணக்கு எந்த ஆண்டு லாபம் காட்டுகிறதோ அந்த ஆண்டிலேயே பழைய சம்பளமும், பிடித்த பணமும் திரும்ப வர வேண்டும். ட்ரோல்ஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். லாபம் என்பது அப்போது அவ்வளவு தூரத்தில் இருந்தது.

அன்று மதியமே ட்ரோல்ஸ் அவனைக் கூப்பிட்டுவிட்டான். எய்வின்ட் நீல அங்கியோடு வந்து, கறுப்பு ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் வைத்த தன் சாப்பாட்டு டப்பாவை மேசையில் திறந்தான். சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டால் அவன் அப்படித்தான் செய்வான். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

“லாபமா?”

“கணக்குல,” என்றான் ட்ரோல்ஸ். “கையில இல்ல. அது நெசமான லாபம் இல்ல எய்வின்ட்.”

“போன வருஷம் நஷ்டம்னப்போ மட்டும் நெசமா இருந்துச்சோ? கணக்கு லாபம் காட்டுனாக் குடுக்கணும்னு எழுதியிருக்கு. கையில காசு இருந்தாக் குடுக்கணும்னு எழுதல. இந்தா, எங்க அக்காதான் கணக்கு. அவ காட்டுறா.”

“டேய், நான் ஒண்ணும் காட்டல. அது தானா வந்து நிக்குது.”

“பிடிச்ச காசைத் திருப்பிக் குடுத்தா ஈஸ்டருக்குள்ள பேங்க்காரன் நம்மளப் பூட்டிருவான்,” என்றான் ட்ரோல்ஸ். குரல் உடைந்திருந்தது. அவனை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. அன்றைக்குப் பாவமாக இருந்தது.

எய்வின்ட் டப்பாவை மூடினான். “நூத்திநாப்பது பேர் வீட்டுக்குப் போய் நான் வாக்குக் குடுத்திருக்கேன். லாபம் வந்துச்சு, ஆனா அது வேற மாதிரி லாபம், உங்களுக்குக் கெடையாதுன்னு நான் போய்ச் சொல்லணுமா? செருப்பால அடிப்பாங்க. திங்கக்கிழமை கூட்டம் போடுறேன். காசு வேணும்னுதான் கேப்பேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். பணத்தைக் கொடுத்தால் நிறுவனம் போய்விடும். கொடுக்காவிட்டால் அவன் மானம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நான் போட்ட எண் நின்றது. யார் பக்கம் நிற்பது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அந்த நானூறு பத்திரத்தை விற்ற ஆள் நிர்ப்பந்தத்தில் விற்றிருந்தால் அறுபத்தொன்று செல்லாது. நானே கணித்து எண்பத்தைந்தோ தொண்ணூறோ போடலாம். லாபம் ஆவியாகிவிடும், ஒப்பந்தத்தில் எய்வின்ட் சேர்த்த வரிக்கு வேலை வராது, நிறுவனம் மூச்சு விடும். வங்கியில் எனக்குத் தெரிந்தவளுக்குப் போன் செய்தேன். யார் விற்றார் என்று சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் அவளைத் திட்டினேன்.

சனிக்கிழமை என் பழைய சோபாவைக் குப்பை மையத்தில் கொண்டுபோய்ப் போட எய்வின்ட் தன் காரில் இழுவண்டியை மாட்டிக்கொண்டு வந்தான். சண்டை என்றாலும் சோபா சோபாதான். ஆளுக்கொரு முனையைத் தூக்கினோம். காற்று ஆளைத் தள்ளியது.

“இதுக்கு என்ன நியாய மதிப்பு போடுவ?” என்றான்.

“உன் நாக்குக்கு என்ன மதிப்போ அதுல பாதி. ஒழுங்காப் பிடி.”

சோபாவை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தோம். விற்றவரைத் தேடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். “எவனாவது விவாகரத்துல மாட்டியிருக்கணும். இல்ல, ஒரு கடை திவாலாயிருக்கணும். அப்படி மட்டும் இருந்தா போதும், எனக்குத் தலைவலி தீரும். உனக்கும் திங்கக்கிழமை சண்டை இல்ல.”

“நிர்ப்பந்தம்னா எப்படி?”

“வேற வழி இல்லாம விக்கிறது.”

“ஒருத்தனுக்குத் தூக்கமே வரலேன்னா?”

“தூக்கம் வரலேன்னா பால் குடிக்கணும்.”

“ராத்திரி முழுக்க அதையே நெனச்சுக்கிட்டு... இதுவும் போயிருமோ, அதுவும் போயிருமோன்னு... அது நிர்ப்பந்தம் இல்லியா?”

திரும்பிப் பார்த்தேன். அவன் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். 2007-ல் பத்திரம் வெளியிட்டபோது தொழிலாளர்களுக்கும் விற்றார்கள். பட்டறையில் பாதிப் பேர் வாங்கினார்கள். எய்வின்டும் வாங்கினான். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

“எத்தன வச்சிருந்த?” என்றேன்.

“நானூறு.”

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. “அட மடையா! வெஸ்ட்ரூப் பொழைக்கும், நான் பொறுப்புன்னு வீடு வீடாப் போனியே. நூத்திநாப்பது பேரை நம்பச் சொல்லிட்டு நீ வித்துட்டியா?”

“நம்பிக்கிட்டேதான் இருந்தேன். டிசம்பர் மாசம் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தா பத்து மணிக்கு மேல செய்ய ஒண்ணும் இருக்காது. பட்டறையைக் கூட்டிக்கிட்டிருந்தோம். கூட்டுன தரையையே கூட்டிக்கிட்டிருந்தோம். ஒருநாள் வங்கிக்குப் போயிட்டேன். யாரும் அனுப்பல. எனக்கே தெரியல ஏன்னு.”

“வீட்டுல தெரியுமா?”

“இல்ல.”

பக்கத்தில் ஒருவர் உடைந்த தொலைக்காட்சிகளை ஒவ்வொன்றாகக் கம்பிக்கூண்டில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் கேவலமான ஒரு வேலை செய்தேன்.

“கூரை ஒழுகுச்சுன்னு சொல்லு,” என்றேன். “அவசரமாக் காசு தேவப்பட்டுச்சு, வேற வழி இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடு. சோல்வெய் ஒத்துக்குவா. அவ யார்கிட்டயும் பேர் சொல்ல மாட்டா. லாபம் போயிரும். கூட்டமே தேவையில்ல.”

“கூரை நல்லாத்தானே இருக்கு?”

“இருக்கட்டுமே!”

“நான் பயந்துதான்க்கா வித்தேன். கூரை மேல ஏன் பழி?”

என் காது சூடாகிவிட்டது. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவள் என்று எனக்கு என்மேல் ஒரு கர்வம் உண்டு. அது அந்தச் சோபாவோடு அங்கேயே கிடந்தது. பயம் நிர்ப்பந்தமா என்று மறுநாள் முழுக்க யோசித்தேன். யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் மனசார விற்றான் என்று எப்படிச் சொல்வது? மனசு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போயிருக்கிறது. சோல்வெய்யின் விதியில் அதற்கு இடமில்லை. என் மூளையிலும் இல்லை.

திங்கள்கிழமை உணவுக்கூடம் நிரம்பிவிட்டது. லாபச் செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. சிலர் கைதட்டிக்கொண்டே வந்தார்கள். ட்ரோல்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சோல்வெய் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். எய்வின்ட் நாற்காலி மேல் ஏறினான். காசு கேட்கப் போகிறானா, வேண்டாம் என்று சொல்லப் போகிறானா என்பது எனக்கே தெரியாது. அவனும் சொல்லவில்லை.

“இந்தத் தடவ காசு கேக்க வேணாம்னு சொல்ல வந்திருக்கேன்,” என்று தொடங்கினான். பெரும் கூச்சல் எழுந்தது. கத்திக் கத்திதான் மிச்சத்தைச் சொன்னான்: கடைசியாக நடந்த ஒரே விற்பனையில் பத்திர விலை அறுபத்தொன்றுக்கு விழுந்ததால் வந்த லாபம், பெட்டியில் காசு இல்லை, இப்போது வாங்கினால் ஈஸ்டருக்குப் பட்டறைக்குப் பூட்டு.

பெயின்ட் பிரிவின் வில்லாட்ஸ் எழுந்தான். ஆறடிக்கு மேல் உயரம். பேசினால் கூடம் அடங்கும். “எனக்கு ஒரு கணக்கு புரியணும். நாம விட்டுக்குடுத்தா கம்பெனி பொழைக்கும். பொழைச்சா பத்திரத்தோட விலை ஏறும். ஏறுனா இந்தம்மா கணக்குல நஷ்டம்னு எழுதுவா. நஷ்டம்னா ஒப்பந்தப்படி நமக்குக் காசு கெடையாது. அப்போ கம்பெனி செத்தாத்தான் நமக்குச் சம்பளமா? போடில், சரியா?”

“சரி,” என்றேன். வேறு என்ன சொல்ல?

கூடம் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

“சரி, விலைய அறுபத்தொண்ணுக்கு இறக்குன அந்தக் கோழைப் பய யாரு?” என்றான் வில்லாட்ஸ். “நம்ம கதைய முடிச்சுட்டு எவனோ தோட்டத்துல உக்காந்து பீர் குடிச்சுக்கிட்டிருப்பான். அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்க,” என்றான் எய்வின்ட்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். எய்வின்ட் நாற்காலியிலிருந்து இறங்கினான்; மேலே நின்று சொல்ல அவனுக்குக் கூசியிருக்க வேண்டும். “நான்தான் வித்தேன். நானூறு. காசுக்கு அவசரம் எதுவும் இல்ல. பயந்துட்டேன்.”

வில்லாட்ஸ் அவனையே பார்த்தான். கெட்ட வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

“என்கிட்டக் கேட்டிருக்கலாமே எய்வின்ட்,” என்றான். “எழுபது குடுத்திருப்பேனே. என்கிட்ட இருக்கறதை நான் விக்கவே இல்ல. நீ பொழைக்கும்னு சொன்னியேன்னு வச்சிருக்கேன்.”

“ஆமா, நானும்தான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு குரலும் அதையே சொன்னது. எழுபது என்று போடலாமா என்பதுபோல் நான் சோல்வெய்யைப் பார்த்தேன். அவள் மெல்லத் தலையாட்டினாள், இல்லை என்று. நடக்காத விற்பனைக்கு விலை கிடையாது. அவள் கண் கலங்கியிருந்தது என்று சத்தியம் செய்வேன்; யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் இரண்டு முறை கை தூக்கினார்கள். முதல் முறை, இந்த ஆண்டு பணம் கேட்பதில்லை என்பதற்கு. கொஞ்ச வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. ஒப்பந்தத்தில் லாபம் என்ற வார்த்தையை அடித்துவிட்டு, பம்ப் விற்ற காசு இவ்வளவுக்கு மேல் வந்தால் என்று எழுத வேண்டும் என்றான் வில்லாட்ஸ். ட்ரோல்ஸ் நின்ற இடத்திலேயே சம்மதித்தான். இரண்டாவது முறை, இனிமேல் யார் பிரதிநிதி என்பதற்கு. எய்வின்டும் வில்லாட்ஸுக்குத்தான் கை தூக்கினான். யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் அவன் பக்கத்திலும் வரவில்லை. அவரவர் பிரிவுக்குப் போனார்கள்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். பூட்டைத் திறக்கத் தெரியாதவன் போலச் சாவியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

“எழுபது குடுத்திருப்பானாம். கேட்டியாக்கா?”

“கேட்டேன்.”

“அப்போ எழுபதுதானே சரியான விலை? நான் பேசாம அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா...”

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. “பைத்தியமே, நீயே விக்கிறேன்னு தெரிஞ்சா அவன் எப்படி வாங்குவான்? அவனும் ஓடிப்போய் வித்திருப்பான். அவனப் பாத்து மத்தவங்களும் வித்திருப்பாங்க. எழுபதாவது, அறுபதாவது, ஒண்ணும் தேறியிருக்காது.”

அவன் சாவியை விட்டுவிட்டான். “அவன் எழுபதுங்கறதே நான் சொன்னத நம்பித்தான். நான் வித்தது நான் சொன்னத நம்பாம. அப்போ எதுதான்க்கா விலை?”

விலை என்ன என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதுவும் குறைத்த சம்பளம்.

“தெரியலடா,” என்றேன். மேலே போய் அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.